எட்டுத் துளைகள்

ஒரு படகுக்கு எது முன்பக்கம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கூராக இருப்பது முன், தட்டையாக இருப்பது பின், இதில் என்ன சந்தேகம்? ஆனால் இரண்டு முனையும் ஒரே அச்சாகக் கூராக இருக்கிற படகு ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் கனூ. பழைய கனூக்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அதிலிருந்து இரண்டு இருக்கைகளையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டால், செய்த தச்சரே வந்து பார்த்தாலும் எது முன், எது பின் என்று சொல்வது கஷ்டம். இருக்கைகளைத் திரும்ப மாட்டும்போதுதான் அந்தப் படகுக்கு முகமும் முதுகும் வருகின்றன.

இந்த வாரம் அந்த இருக்கைகளைப் பற்றி.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் பழைய கனூவைப் புதுப்பிப்பது பலருக்குத் தீவிரமான பொழுதுபோக்கு. யாரோ ஒருவருடைய வைக்கோல் கொட்டகையில் முப்பது நாற்பது வருஷம் கவிழ்ந்து கிடந்த படகை வாங்கி வருவார்கள். கித்தான் கிழிந்திருக்கும். விலாக்கட்டைகள் உடைந்திருக்கும். முனைகள் உளுத்திருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சரி செய்வார்கள். இதில் பெரும்பாலான வேலைகளுக்கு ஒரே ஒரு சரியான விடைதான். உடைந்த விலாவுக்குப் பதில் அதே அளவில் புது விலா. கிழிந்த கித்தானுக்குப் பதில் புதுக் கித்தான். யோசிக்க வேண்டியது கம்மி. பொறுமைதான் அதிகம் வேண்டும்.

இருக்கை மட்டும் அப்படி இல்லை. அதை எங்கே மாட்டுவது, எத்தனை உயரத்தில் தொங்கவிடுவது என்பதற்குப் படகு மட்டும் பதில் சொல்லாது. அதில் உட்காரப் போகிற இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரு இருக்கைக்கு நான்கு போல்ட், இரண்டு இருக்கைக்கு எட்டு. படகின் விளிம்புச் சட்டத்தில் எட்டுத் துளைகள். போட்டுவிட்டால் போட்டதுதான். மரத்தில் துளையை அடைக்கலாமே தவிர, இல்லாமல் செய்ய முடியாது.

முதலில் கனூ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சொல், கரீபியத் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பொருள், வட அமெரிக்கக் காடுகளின் பழங்குடி மக்கள் பிர்ச் மரப் பட்டையைக் கொண்டு செய்த எடை குறைந்த படகு. ஆற்றில் பாறையோ அருவியோ குறுக்கிட்டால் தலைமேல் தூக்கிக்கொண்டு கரை வழியே நடந்துவிடலாம். காந்திஜி விரும்பிப் படித்த ஹென்றி டேவிட் தோரோ, 1857-ல் ஜோ போலிஸ் என்ற பெனாப்ஸ்காட் பழங்குடி வழிகாட்டியோடு மெய்ன் ஏரிகளில் சுற்றியது இப்படிப்பட்ட ஒரு பட்டைக் கனூவில்தான்.

அந்தப் பட்டைக் கனூக்களில் பொதுவாக இருக்கை கிடையாது. விளிம்புகளை இணைக்கிற குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருக்கும். ஆட்கள் அடித்தளத்தில் மண்டியிட்டோ சம்மணமிட்டோ உட்கார்ந்து துடுப்பு போட்டார்கள். இடம் நிரந்தரமில்லை. சாமான் ஏறினால் ஆள் நகர்ந்துகொள்வார். படகின் சமநிலையை உடம்பே பார்த்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் ஆற்றங்கரையில், பட்டைக்குப் பதில் கித்தான் போர்த்திய கனூ வந்தது. செடார் மரத்தைச் சீவி, நீராவியில் வேகவைத்து, அச்சின்மேல் வளைத்து விலாக்கள். அதன்மேல் சுமார் 4 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய பலகைகள், பித்தளை ஆணிகள். அதற்குமேல் இறுக்கி இழுத்த கித்தான், பூச்சு, பெயின்ட். மெய்னில் ஓல்ட் டவுன், கனடாவில் செஸ்ட்நட், பீட்டர்பரோ என்று கம்பெனிகள் வளர்ந்தன. ஊருக்குப் போய் ஓய்வெடுக்கிற நகரத்து ஜனங்களும் கனூ வாங்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு மண்டியிட்டுப் பழக்கமில்லை. ஆகவே இருக்கை வந்தது. மரச் சட்டத்தில் பிரம்பு பின்னிய இருக்கை, விளிம்புச் சட்டத்திலிருந்து போல்ட்டுகளில் ஊஞ்சல் மாதிரித் தொங்கும். அதுவரை உடம்பு பார்த்துக்கொண்ட சமநிலையை அன்றிலிருந்து தச்சர் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் பிரம்பு நமக்குப் புதிதல்ல. நம் அரசாங்க ஆபீஸ் நாற்காலிகளில் துளைத் துளையாகப் பின்னியிருக்குமே, கிட்டத்தட்ட அதே பின்னல். நம் ஊரில் பார்வையற்ற கைவினைஞர்கள் பலர் விரல் நுனியாலேயே அதைப் பின்னி வந்திருக்கிறார்கள். பிரம்புக்கொடி அமெரிக்காவில் விளையாது. தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளின் பயிர். மெய்ன் மாநிலத்துப் படகின் உட்காருமிடம் நம் பக்கத்துச் சரக்கு.

சரி, இருக்கையை எங்கே வைப்பது?

இருவர் கனூவில் இரண்டு இருக்கைகளும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருப்பதில்லை. முன்னால் உட்காருபவர் கால் நீட்ட வேண்டும். முனைக்கு மிக அருகில் போனால் கால் வைக்க இடமில்லை. ஆகவே முன் இருக்கை நடுவை நோக்கித் தள்ளி வரும். பின்னால் உட்காருபவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை; அவர் கால், படகின் அகலமான நடுப்பகுதியை நோக்கி நீள்கிறது. திசை திருப்புவது பெரும்பாலும் அவர் பொறுப்பு. முனைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சுலபமாகத் திருப்பலாம். ஆகவே பின் இருக்கை கடைசிக்குத் தள்ளிப் போகும்.

இங்கேதான் வெள்ளிக்கோல் கணக்கு வருகிறது. வெள்ளிக்கோலில் சின்னக் குண்டு தூரத்தில் இருந்தால், பக்கத்தில் இருக்கிற பெரிய மூட்டையைத் தூக்கி நிறுத்தும். எடையை மட்டும் பார்த்தால் போதாது. எடையை தூரத்தால் பெருக்க வேண்டும்.

கணக்குச் சுலபமாக இருக்க, 16 அடி கனூ ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் இருக்கை நடுவிலிருந்து 3 அடி, பின் இருக்கை 4 அடி. கணவர் 80 கிலோ, மனைவி 60 கிலோ. வழக்கப்படி கணவர் பின்னால் உட்காருகிறார். பின்னால் 80 பெருக்கல் 4, அதாவது 320. முன்னால் 60 பெருக்கல் 3, அதாவது 180. வித்தியாசம் 140. படகு பின்னால் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மூக்கு தூக்கினால் என்ன? அமைதியான குளத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல காற்றடிக்கிற ஏரியில் விஷயமே வேறு. தண்ணீரில் ஊன்றாத முனையைக் காற்று பிடித்துத் தள்ளும். எதிர்காற்றில் போகும்போது படகு திரும்பிக்கொள்ளப் பார்க்கும். இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து துடுப்பு போட்டாலும் படகு நேராகப் போகாது. அலைக்குப் பக்கவாட்டைக் காட்டும். குளிர்ந்த ஏரியின் நடுவில் அது விளையாட்டல்ல. மூக்கு அமுங்கினாலும் ஆபத்துதான். பின்காற்றில் படகின் வால் சுழற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். அனுபவசாலிகள் சமமாக, அல்லது மிகக் கொஞ்சமாகப் பின்பாரமாக வைத்துக்கொள்வார்கள். எதிர்காற்றில் மட்டும் மூட்டையைச் சற்று முன்னால் நகர்த்துவார்கள்.

மேலே சொன்ன தம்பதிக்கு மூன்று வழிகள். முதல் வழி, இடம் மாறி உட்காருவது. இப்போது முன்னால் 80 பெருக்கல் 3, 240. பின்னால் 60 பெருக்கல் 4, அதுவும் 240. தராசு நேராக நிற்கும். மனைவி படகைத் திருப்புவார். கணவர் முன்னால் உட்கார்ந்து இழுப்பார். இருவர் துடுப்பு போடும் படகுக்கு அங்கே 'விவாகரத்துப் படகு' என்று கேலிப் பெயர் உண்டு. இந்தக் கணக்கை வீட்டில் யார் சொல்வது என்பது அவரவர் சாமர்த்தியம்.

இரண்டாவது வழி, சாமான். முன்னவரின் காலுக்கு முன்னால், நடுவிலிருந்து 5 அடியில், 28 கிலோ மூட்டை வைத்தால் 140 சரியாகிவிடும். ஆனால் ஒரு மணி நேரம் சும்மா உலாவப் போகிறவர்கள் தினமும் 28 கிலோ சுமந்து வர மாட்டார்கள்.

மூன்றாவது வழிதான் புதுப்பிப்பவரின் கையில் இருக்கிறது. இரண்டு இருக்கைகளையும் ஆறு அங்குலம் முன்னால் தள்ளினால் இரண்டுமே நடுவிலிருந்து மூன்றரை அடி. பின்னால் 280, முன்னால் 210. வித்தியாசம் 140-லிருந்து 70 ஆகிறது. வெறும் ஆறு அங்குலத்தில் பாதிக் கோளாறு போய்விட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. மரத்தில் செய்யப் போனால்தான் சிக்கல் தெரியும். கனூ நடுவில் அகலம், முனையை நோக்கிப் போகப் போகக் குறுகல். முன் இருக்கையை முனைப்பக்கம் தள்ளினால் இருக்கைச் சட்டம் நீளமாகிவிடும். இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும். அறுத்த பிறகு அது பழைய இடத்துக்கு என்றைக்கும் பொருந்தாது. பின் இருக்கையை நடுப்பக்கம் தள்ளினால் அதற்கு நேர்மாறு. சட்டம் இரண்டு விளிம்புக்கும் எட்டாது. புதுச் சட்டம் செய்ய வேண்டும். அதோடு முன்னவரின் கால் இடுங்கும். பின்னவருக்கு அகலமான இடத்திலிருந்து எட்டித் துடுப்பு போட வேண்டியிருக்கும். ஒன்றைச் சரி செய்ய இன்னொன்றைக் கொஞ்சம் விட்டுக் கொடுக்க வேண்டும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் பழைய சட்டத்தில் ரம்பம் வைப்பதில்லை. புதிதாக ஒன்று செய்து மாட்டி, பழையதைத் துடைத்துப் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள்.

இனி உயரம். தூரத்தைவிட இதில்தான் கவனம் வேண்டும்.

16 அடிக் கித்தான் கனூ சுமார் 35 கிலோ. நம் தம்பதி இருவரும் சேர்ந்து 140 கிலோ. படகைப்போல் நான்கு மடங்கு எடை படகுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இந்த 140 கிலோவை ஓர் அங்குலம் உயர்த்தினாலும் படகு உடனே உணரும், ஆட்டம் கூடும். தாழ உட்கார்ந்தால் நிதானம். ஆனால் தாழ உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும், முதுகு வலிக்கும். இதற்குப் பழங்குடிகள் கண்ட விடை மண்டியிடுவது. இரண்டு முழங்காலும் தரையில், பின்புறம் இருக்கையின் விளிம்பில். முக்காலி போல மூன்று இடத்தில் உடம்பு ஊன்றிக்கொள்கிறது. எடையின் பெரும்பங்கு கீழே இறங்கிவிடுகிறது. இப்படி உட்காருபவர்களுக்காக இருக்கையின் முன்விளிம்பை முக்கால் அங்குலம் போலத் தாழ்த்திச் சாய்வாக மாட்டுவது வழக்கம்.

கனூப் பந்தயங்கள் சிலவற்றில் இன்றும் மண்டியிட்டுத்தான் துடுப்பு போடுகிறார்கள், அதுவும் ஒற்றைக் காலில். 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் அர்ஜுன் சிங், சுனில் சிங் இருவரும் 1000 மீட்டர் இருவர் கனூவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கினார்கள். 1994 ஹிரோஷிமாவுக்குப் பிறகு கனூவில் நமக்குக் கிடைத்த பதக்கம் அது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்: பந்தயக் கனூவில் இருக்கையே இல்லை.

மண்டியிடுவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாதங்கள் இரண்டும் இருக்கைக்கு அடியில் போகின்றன. படகு கவிழ்ந்தால் அந்தப் பாதங்கள் தடங்கல் இல்லாமல் வெளியே வர வேண்டும். இருக்கை அளவுக்கு மீறித் தாழ்வாக இருந்தால் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும். தலைகீழாகத் தண்ணீரில், கவிழ்ந்த படகுக்கு அடியில், கால் மாட்டிக்கொண்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். நிதானம் வேண்டும் என்று தாழ்த்துகிற ஒவ்வோர் அங்குலமும் கால் வெளியே வரும் வழியை ஓர் அங்குலம் அடைக்கிறது. மெல்லிய காலணிக்குப் போதுமான இடைவெளி தடித்த பூட்ஸுக்குப் போதாது. பிரம்பு நாளாக ஆக நடுவில் தொய்யும். அந்தத் தொய்வும் இடைவெளியைத் தின்னும். ஆகவே இந்த அளவை டேப்பில் எடுக்கக் கூடாது, காலில் எடுக்க வேண்டும். வீட்டிலேயே பெரிய பாதம் உள்ளவர், தன்னிடம் இருப்பதிலேயே தடித்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டு, பத்துத் தடவை காலை உருவிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை தட்டினாலும் இருக்கை உயர வேண்டும்.

இதெல்லாம் உட்காரப் போகிறவர்கள் சொல்லும் பதில். படகும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அதைக் கேட்காமல் துளை போடுவதுதான் பெரிய தப்பு.

விளிம்புச் சட்டத்தை அடியிலிருந்து விளக்குப் பிடித்துப் பாருங்கள். ஏற்கெனவே துளைகள் இருக்கும். சில சமயம் எட்டு, சில சமயம் பன்னிரண்டு, பதினாறு. கம்பெனியில் போட்டவை இரண்டு பக்கமும் நேருக்கு நேர், ஒரே அளவில், நெட்டுக்குத்தாக இருக்கும். பிற்பாடு யாரோ வீட்டில் போட்டவை கோணலாக இருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பழைய போல்ட்டின் தலை வைர வடிவத்தில் இருந்தால் அது பெரும்பாலும் பழைய காலத்துப் பித்தளை வகை. சாதாரண ஆறுமுகத் தலை இரும்பு போல்ட் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இருக்கையைத் தாங்கிய சிறு மரக்குழல் அழுத்திய வட்டத் தழும்பு இருக்கும். வார்னிஷ் படாத வெளிறிய பட்டை இருக்கும். அடித்தளத்தில் குதிகால் தேய்த்த இடம், முழங்கால் மழுக்கிய இடம், விளிம்பில் துடுப்புத் தண்டு உரசிய பள்ளம். இத்தனையும் பழைய சாட்சிகள்.

இரண்டு வரிசைத் துளை இருந்தால் இரண்டு தலைமுறையின் உடம்பு அங்கே பதிந்திருக்கிறது என்று அர்த்தம். குழந்தைகள் வந்ததும் இருக்கையை இறக்கியிருக்கலாம். முழங்கால் மடக்க முடியாத வயதில் யாராவது ஏற்றியிருக்கலாம். காரணம் நமக்குக் கிடைக்காது. தழும்பு மட்டும் கிடைக்கும்.

ஓல்ட் டவுன் கனூவாக இருந்தால் இன்னொரு சாட்சியும் உண்டு. இரண்டு முனைகளின் உட்புறக் கட்டையிலும் வரிசை எண்ணும் படகின் நீளமும் பொறித்திருக்கும். ஒவ்வொரு படகுக்கும் அந்தக் கம்பெனி எழுதி வைத்த பதிவு அட்டைகள் ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. என்ன மாடல், என்ன மரம், என்ன நிறம், எந்தத் தேதியில் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். 1979-ல் தொடங்கிய மரக் கனூ பாரம்பரியச் சங்கத்தின் முயற்சியால் அந்த அட்டைகள் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கின்றன. எண்ணைச் சொன்னால் படகின் ஜாதகம் கிடைக்கும். அதே 1979-ல்தான் கனடாவின் புகழ்பெற்ற செஸ்ட்நட் கம்பெனி மூடப்பட்டது. செய்கிறவர்கள் கடையைச் சாத்திய வருஷத்தில் காப்பாற்றுகிறவர்கள் கூடினார்கள்.

இப்போது கேள்வி கூர்மையாகிறது. பழைய துளை ஓர் இடம் சொல்கிறது. புது ஆட்களின் உடம்பு வேறோர் இடம் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

அருங்காட்சியகத்துக்குப் போகிற படகானால் சந்தேகமே இல்லை. பழைய துளைதான். கனடாவில் பீட்டர்பரோ நகரத்தின் கனூ அருங்காட்சியகம் 2024-ல் புதுக் கட்டடத்துக்கு மாறியது. 600-க்கு மேற்பட்ட படகுகள் அங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புதுத் துளை என்பது ஆவணத்தில் செய்த திருத்தம். நமக்கு இது தெரியாத விஷயமில்லை. கோயில் சுவரைப் பளபளப்பாக்குகிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்து, ஆயிரம் வருஷக் கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்த திருப்பணிகளை நாம் பார்த்திருக்கிறோம். செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. சுத்தம் செய்ததாகத்தான் நினைத்தார்கள்.

ஆனால் தண்ணீருக்குப் போகிற படகு வேறு. அதில் உயிருள்ள இரண்டு பேர் உட்காரப் போகிறார்கள். 1920-ல் எடை குறைந்த ஒரு ஜோடிக்காக மாட்டிய இடத்தில் இன்றைய ஜோடி உட்கார்ந்து காற்றில் தத்தளித்தால், அதைப் பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. படகு செய்யப்பட்டது மிதப்பதற்கு. மரக் கனூ கவனிப்பாரற்றுக் கிடந்தால் கெடும். புழங்கினால்தான் யாராவது வார்னிஷ் அடித்துக் காப்பாற்றுவார்கள்.

என் கட்சி இது. முதல் உரிமை பழைய துளைக்கு. அதில் மாட்டி, தண்ணீரில் இறக்கி, இருவரையும் உட்கார வைத்துப் பார்த்த பிறகும் சரிப்படவில்லை என்றால் மட்டும் புதுத் துளை. அதிலும் அடுத்து வருகிறவர் பழைய நிலைக்குத் திரும்பும்படி வழி விட்டு வைக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை முறை இருக்கிறது.

கழற்றுவதற்கு முன்பே ஒவ்வோர் இருக்கையும் முனையிலிருந்து எத்தனை அங்குலம், விளிம்பிலிருந்து எத்தனை ஆழம் என்று எழுதிவிட வேண்டும். போட்டோ எடுத்து, போல்ட்டுகளில் சீட்டுக் கட்ட வேண்டும். குறுக்குச் சட்டங்களை ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. படகின் அகலத்தைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். எடுத்துவிட்டால் உடல் விரிந்து உருவம் மாறும். ஒன்றைக் கழற்றினால் அதே நீளத்தில் தற்காலிகக் குச்சி ஒன்றைக் கட்ட வேண்டும்.

மர வேலையும் கித்தானும் முடிந்த பிறகு, இருக்கைகளை மாட்டாமல், அதே உயரத்துக்குப் பெட்டிகளை வைத்து அதன்மேல் உட்கார்ந்து ஆழமில்லாத தண்ணீரில் மிதந்து பார்க்கலாம். கரையில் ஒருவர் நின்று பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு தூக்குகிறதா, வால் அமுங்குகிறதா என்று தெரிந்துவிடும். படகுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாலும் போதும். எந்தப் பக்கம் ஓடித் தேங்குகிறதோ அந்தப் பக்கம் பாரம். இதைவிட மலிவான ரசமட்டம் கிடையாது. பெட்டியை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் நகர்த்திப் பார்ப்பதில் எந்த மரமும் காயப்படாது.

உயரத்துக்கு, இருக்கையைத் தாங்கும் மரக்குழல்களை முதலில் நீளமாக வெட்டுவதா, குட்டையாகவா என்று ஒரு விவாதம் உண்டு. அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று சில ஜோடிகளை வெட்டி வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதே உத்தமம். போல்ட் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். முடிவான பிறகு அறுத்துக்கொள்ளலாம்.

புதுத் துளை தவிர்க்க முடியவில்லை என்றால் இரண்டு விலாக்களுக்கு இடைப்பட்ட இடத்தில் போட வேண்டும். விலாவின் தலை விளிம்புச் சட்டத்தோடு ஆணியால் பிணைந்திருக்கிறது. அங்கே டிரில் போனால் ஆணியில் இடிக்கும், பிணைப்பும் தளரும். பழைய துளையைத் திறந்து விடக் கூடாது. தண்ணீர் இறங்கி உளுக்கும். அதே ஜாதி மரத்தில் குச்சி சீவி, பசை தடவி அடைக்க வேண்டும். அடைத்த இடம் தெரியக் கூடாது என்று வர்ணம் பூசி மறைக்காமல் இருப்பது நல்லது. அடுத்தவர் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். போல்ட் பித்தளையிலோ வெண்கலத்திலோ இருக்கட்டும். இரும்பு துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கறை ஏற்றும். நட்டைப் பலம் கொண்டமட்டும் திருகினால் வாஷர் மரத்துக்குள் புதையும்.

குறுக்குச் சட்டங்களிலும் ஒரு நுணுக்கம். தனியாகப் போகிறவர் இருவர் கனூவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்காருவார். அந்த இருக்கை நடுவுக்கு அருகில் இருப்பதால் அவருக்கு அது சௌகரியம். இரண்டு முனையும் ஒரே மாதிரி என்பதால் படகுக்கும் ஆட்சேபம் இல்லை. கனடாவின் சினிமா டைரக்டர் பில் மேசன் (1929-1988) செஸ்ட்நட் கம்பெனியின் 'ப்ராஸ்பெக்டர்' என்ற இருவர் கனூவில் தனியாளாகத் துடுப்பு போட்டே புகழ் பெற்றவர். முன் இருக்கைக்குப் பின்னால் நெருக்கமாக ஒரு சட்டத்தை மாட்டிவிட்டால், இப்படித் தனியாகப் போகிறவரின் முழங்கால் அதில் இடிக்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் மாட்ட வேண்டியது நடுவில் இருக்கும் நுகத்தடி. படகைக் கவிழ்த்துத் தோளில் தூக்க உதவும் சட்டம் இது. நம் மாட்டு வண்டி நுகத்தடியை மனிதக் கழுத்துக்கு வளைத்தது போல இருக்கும். இதன் இடம் படகின் நீளத்தில் பாதி அல்ல, எடையின் நடு. இருக்கை நகர்ந்தால் எடையின் நடுவும் நகரும். அதனால்தான் இது கடைசி. சரியான நடுவைவிட ஒரு மயிரிழை முன்னால் மாட்டினால் பின்முனை சற்றுத் தாழ்ந்து முன்முனை தூக்கும். சுமப்பவருக்குப் பாதை தெரியும்.

அலுமினியக் கனூ இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. அதன் இருக்கையை ஆணியறைந்து உடலோடு சேர்த்துவிட்டார்கள். பிறகு பிளாஸ்டிக் வகைகள் வந்தன. அவற்றில் பேர்பெற்ற ராயலெக்ஸ் என்ற சரக்கின் உற்பத்தி 2014-ல் நின்றது. அந்தப் படகுகளையும் இப்போது பழுது பார்த்து, புது மர விளிம்பு போட்டு வைத்துக்கொள்கிறார்கள். கேள்வி அங்கேயும் இதே கேள்விதான்: பழைய துளையா, புதுத் துளையா?

ஆகவே டிரில்லை எடுப்பதற்கு முன் எடை பார்க்கும் மெஷினை எடுங்கள். இரண்டு பேரையும் தனித்தனியாக நிறுத்துங்கள். பூட்ஸோடு, மழைக்கோட்டோடு, மிதவைச் சட்டையோடு. வாயால் கேட்டு எழுதாதீர்கள். எடையைப் பற்றி மட்டும் யாரும் அரிச்சந்திரன் இல்லை, படகு கண்டுபிடித்துவிடும்.